மூச்சா அக்காவின் புது நாற்காலி

பிள்ளை ஒண்ணுக்குப் போவதை அளக்க ஒரு மெஷினா என்று கேட்டுச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் துணைக்கு வந்த சித்தப்பாக்களும் மாமாக்களும்தான். பெற்றவள் சிரிக்க மாட்டாள். ஈர ஜட்டியை அலசி அலசிக் கை வெளுத்துப்போனவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மாடியில், வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களைப் பதிந்து உட்காரவைப்பதும், பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதும், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்களிடம் எரிந்து விழாமல் இருப்பதும் என் வேலை. கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குச் சரியாக வராது.

என் மேசைக்கு நேர் எதிரே ஒரு கதவு. அதற்குப் பின்னால்தான் மூச்சா அக்கா வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்த பதவியின் பெயர் கதவில் ஒட்டியிருக்கிறது. அதை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் பிள்ளை நனைத்துவிடும். எப்போதோ ஒரு வாண்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, மூச்சா அக்கா எங்கே, மூச்சா அக்கா எங்கே என்று ஊரைக் கூட்டியது. அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. லிஃப்ட்காரர் முதல் டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் மூச்சா அக்காதான். அவளுடைய மாமியார் மட்டும், மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை பார்ப்பதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது; அந்த அறையில் கம்ப்யூட்டர் இருக்கத்தான் செய்கிறது. வேன் ஓட்டும் அவள் கணவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தன் வீட்டுக்காரி கண்ணைக் காட்டினால்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒண்ணுக்கே வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

ஆள் ரொம்பக் குட்டை. பக்கத்தில் நின்றால் என் தோளைத் தொட மாட்டாள். மேல்தட்டில் இருந்து பேப்பர் உருளை எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவாள். நானும் ஒரு கிண்டல் செய்யாமல் எடுத்துத் தந்ததில்லை. அவளும் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவர்களோடு வேலை பார்ப்பது என்னைப் போன்ற வாய்க்காரிகளுக்குப் பெரிய சௌகரியம்.

சோதனை பார்ப்பதற்கு எளிது. நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி. ஓட்டைக்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே ஜாடி, ஜாடிக்குக் கீழே எடை பார்க்கும் தட்டு. பிள்ளை உட்கார்ந்து தன்பாட்டுக்குப் போகும். ஜாடி கனக்கக் கனக்க, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மெஷின் கணக்குப் போட்டுத் தாளில் ஒரு கோடு இழுக்கும். கோடு மெதுவாக ஏறி, உருண்டு, மெதுவாக இறங்கி ஒரு குன்று போல வந்தால் கவலை இல்லை. ஏறவே ஏறாமல் தட்டையாக நீண்டுகொண்டே போனால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கலாம். விட்டு விட்டு, பல் போன சீப்பு மாதிரி வந்தால் பிள்ளை தடுமாறித் தடுமாறிப் போகிறது என்று பொருள். ஏன் என்று தேட வேண்டும். அதற்குப் பிறகு அக்கா பிள்ளையின் அடிவயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பாள். மிச்சம் நின்றால் கிருமி சேரும், காய்ச்சல் வரும். ஊசி இல்லை, வலி இல்லை, அவ்வளவுதான் சோதனை.

ஆனால் வா என்றால் வருகிற சங்கதியா அது? ஒரு பிள்ளை வரும் வழியிலேயே போய்விட்டு வந்து நிற்கும். இன்னொன்று என் மேசை முன்னால் காலைப் பின்னிக்கொண்டு குதிக்கும். நாற்காலியில் உட்காரவைத்ததும் ஒரு சொட்டு வராது. ஒரு பையன் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், தன் தண்ணீர் பாட்டிலைப் புனலில் கவிழ்த்துவிட்டான். கோடு செங்குத்தாகச் சுவர் மாதிரி எழுந்தது. அக்கா ஜாடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அவனைத் திட்டவில்லை, அம்மாவிடமும் போட்டுக்கொடுக்கவில்லை. பாட்டிலுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, இனி நீ போய்க் காட்டு என்று மட்டும் சொன்னாள். நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளை போகும்போது அவள் பார்க்க மாட்டாள். நாற்காலியைச் சுற்றி ஒரு திரை தொங்கும். பிள்ளையைத் தூக்கி நாற்காலியின் விளிம்பில் உட்காரவைப்பாள். காலை எடுத்துக் கால்மிதியில் வைப்பாள். "நல்லா பின்னாடி தள்ளி உட்காரு கண்ணு. நான் வெளியில நிக்கிறேன், எட்டிப் பாக்க மாட்டேன், சத்தியம்" என்பாள். பிறகு திரையை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பாள். அம்மா உள்ளே வேண்டுமா வெளியே வேண்டுமா என்பதையும் பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டேன். அவள் சின்ன வயதில் படித்த பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, எல்லோரும் போய் முடிக்கும்வரை ஒரு டீச்சர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். அவளுக்கு மட்டும் வரவே வராதாம். வீடு வந்து சேரும்வரை அடக்கிக்கொண்டு, பாதி நாள் வாசற்படியிலேயே விட்டுவிடுவாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னால் பிள்ளைகள் ஏன் உடனே நம்புகின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பழைய நாற்காலி ஒரு பிளாஸ்டிக் கண்றாவி. விளிம்பில் விரிசல், தொடையைக் கவ்வும். அக்கா அதில் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி, கடைசியில் நாற்காலியைவிடப் பிளாஸ்திரிதான் அதிகம் இருந்தது. புதுசு வேண்டும் என்று அவள் கேட்காத ஆள் இல்லை. நிர்வாகத்தில் யாராவது லிஃப்டில் மாட்டினால் போதும், இறங்குவதற்குள் நாற்காலி புராணத்தை ஆரம்பித்துவிடுவாள். அந்த நச்சரிப்பு தாங்காமல்தான் வாங்கிக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். வந்து இறங்கியதைப் பார்த்தால் கண்ணைப் பறித்தது. வெள்ளை வெளேரென்று, மெத்தை வைத்து, கைப்பிடி வைத்து, மடக்கி நீட்டும் கால்மிதியோடு. டாக்டரம்மாவே வந்து உட்கார்ந்து பார்த்து, சுகமாக இருக்கிறது என்று நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதன் கைப்பிடியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒவ்வொரு பிள்ளை போன பிறகும் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால், மாமியாரைக்கூட இவ்வளவு மரியாதையாக நடத்தியிருக்க மாட்டாள் என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரியின் மகள் வந்தாள்.

அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர்; எப்போது பார்த்தாலும் உடையில் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். மகள் இரண்டாம் வகுப்பு, முன்பல் இல்லை, பேச்சு மட்டும் நிறைய. என் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மெஷின் தன் மூச்சாவைக் குடிக்குமா, குடித்தால் அதற்கு வாந்தி வராதா என்று கேட்டாள். அது எழுதப் படிக்க மட்டும்தான் தெரிந்த மெஷின், குடிக்காது என்றேன். அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, அடிக்கடி குளிர்காய்ச்சல். மருந்து முடிந்த சூட்டோடு மறுபடியும் வரும். பள்ளிக்குப் போன நாளைவிடப் படுத்திருந்த நாள்தான் அதிகம் என்று அம்மா சொன்னார்.

முதல் சோதனையில் கோடு பல் போன சீப்பாக வந்தது. ஸ்கேனில் மிச்சமும் நிறைய நின்றது. ஒரு கோட்டை வைத்து முடிவு செய்வது டாக்டரம்மாவின் வழக்கம் இல்லை. பிள்ளை பயந்திருக்கலாம், சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம் என்று இன்னொரு நாள் வரச்சொன்னார். இரண்டாவது முறையும் அதே சீப்பு, அதே மிச்சம். அதன் பிறகு அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. சிறுநீர் வரும் பாதை எங்காவது குறுகியிருக்கலாம், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிடுவோம், குறுகியிருந்தால் அப்போதே விரித்தும் விடலாம் என்று பொறுமையாக அம்மாவிடம் விளக்கினார். நாளும் குறித்தாயிற்று.

மயக்க மருந்து என்ற வார்த்தைக்குப் பிறகு அந்த அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. டாக்டர் அறையில் தலையை ஆட்டிவிட்டு வந்தவர், என் மேசைக்கு வந்ததும் உடைந்துபோனார். பிள்ளை கண் விழிக்குமா என்று என்னிடம் கேட்டார். நான் யார், வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி காட்டுகிறவள். ஆனாலும் விழிக்கும், கட்டாயம் விழிக்கும் என்றேன். அம்மா அழுவதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் வாய் அடைத்துவிட்டது. போகும்போது மெஷினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கேமரா பார்ப்பதற்கு முந்தைய நாள், மதிய இடைவேளை. நானும் அக்காவும் என் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. கொஞ்ச நாளாகவே சீப்புக் கோடுகள் அதிகமாக வருகின்றன என்றாள். சின்னப் பெண்பிள்ளைகள்தான், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. மெஷின் கம்பெனி ஆளை வரவழைத்து, அளந்த தண்ணீரை ஊற்றிச் சரிபார்த்தாயிற்று, மெஷின் சுத்தம். நின்றுகொண்டு போகும் பையன்களுக்குக் கோடு குன்று மாதிரி அழகாக வருகிறது. என்னவென்றே பிடிபடவில்லை என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"உங்க சிம்மாசனம் வந்ததுல இருந்துதான்கா எல்லாப் பிள்ளைங்களுக்கும் அடைப்பு. அதுல உட்கார்ந்தா ராணி மாதிரி ஆயிடுதுங்க போல, அவ்வளவு சீக்கிரம் இறங்க மனசு வரல."

கிண்டலாகத்தான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் தண்ணீர் ஜாடியை எடுத்து, தம்ளர்கூட இல்லாமல், மடமடவென்று குடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதி ஜாடி காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு, கதவருகே நில், யாரையும் உள்ளே விடாதே என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் பிள்ளைகளைப் போலவே காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

நேரம் வந்ததும் உள்ளே போனாள். நான் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றேன். திரை இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மெஷின் தாளை உருட்டும் கிர்ர் சத்தம். நின்றது. மறுபடி கிர்ர். மறுபடி நின்றது. உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டாள். போனால், திரை இன்னும் மூடித்தான் இருக்கிறது.

"உள்ள வா. என்னைப் பாக்க வேண்டாம், என் காலை மட்டும் பாரு" என்றாள்.

திரையின் கீழ்ப்பக்கத்தை விலக்கிப் பார்த்தேன். குட்டைக் கால்கள் இரண்டும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் நுனிகூடக் கால்மிதியைத் தொடவில்லை. கைகள் இரண்டும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிய கைப்பிடிகளை, விழுந்துவிடுவோமோ என்று பயந்த மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தன.

பழைய நாற்காலி தரையோடு தரையாக இருந்தது. அதில் எவ்வளவு பின்னால் தள்ளி உட்கார்ந்தாலும் பிள்ளையின் பாதம் தரையில் இருக்கும். இது பெரியவர்களுக்குச் செய்த நாற்காலி. விளிம்பில் உட்காரும்போது கால் மிதியில் படும்; அக்காவே பிடித்து வைப்பாள், கண்ணாலும் பார்ப்பாள். பிறகு அவள் வாயாலேயே, நல்லா பின்னாடி தள்ளி உட்காரு என்பாள். பிள்ளையும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தள்ளி உட்காரும். கால் மேலே போய்விடும், ஓட்டையோ பெரிசு, உள்ளே விழாமல் இருக்க உடம்பு மொத்தத்தையும் இறுக்கிக்கொள்ளும். அதற்குள் திரை மூடியிருக்கும், அக்கா சுவரைப் பார்த்து நின்றிருப்பாள். முடிந்ததும் பிள்ளை இறங்குவதற்காக முன்னால் நகர்ந்து மிதியில் காலை ஊன்றிக்கொள்ளும். திரையைத் திறந்தால் கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கால் தரையில் ஊன்றாவிட்டால் இறுகிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாத பாடம் இல்லை. தெரிந்துதான் மிதியில் கால் வைத்தாள். நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும், கொடுத்த சத்தியத்துக்காக, அவள் பார்க்கவே இல்லை.

அவளுடைய கோட்டை எடுத்துப் பார்த்தோம். அப்பட்டமான சீப்பு. "ரெண்டு பிள்ளை பெத்தவ நான், எனக்கே அடைப்பாம்" என்று சிரித்தாள். சிரித்தபடியே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பொண்ணை நாளைக்கு நான் படுக்கப்போட இருந்தேனே என்றாள். நான் தண்ணீர் ஜாடியை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

காத்திருக்கும் இடத்தில் பொம்மைகள் போட்டுவைக்கும் மரப்பெட்டி ஒன்று உண்டு. பொம்மைகளைத் தரையில் கொட்டிவிட்டு, அதைக் கவிழ்த்து நாற்காலிக்கு முன்னால் போட்டோம். இடைவேளை முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் பழுதா என்று ஒருவர் கேட்டார். சரியாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி உட்காரவைத்தேன். அக்கா பெட்டியின்மேல் காலை ஊன்றிப் போன இரண்டாவது கோடு, யாரோ கை நடுங்காமல் வரைந்து கொடுத்த குன்று.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பேஷன்ட் என்று கேட்டார். அக்கா, நான்தான் என்றாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டு முடித்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. எழுந்து வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். அவர் நல்ல உயரம். "அன்னைக்கு நான் உக்காந்து பாத்தப்ப எனக்குக் கால் எட்டுச்சு, அதோட விட்டுட்டேன், என் புத்தியைச் சொல்லணும்" என்றார். பிறகு அக்காவிடம் நிதானமாகச் சொன்னார்.

"இன்னைக்கே அந்தக் குழந்தையை வரச்சொல்லுங்க. மறுபடி பாப்போம். ஆனா நல்லா வரணும்னு வேண்டிக்கிட்டே நிக்காதீங்க. இப்பவும் விட்டு விட்டு வந்தா, நாளைக்கு நான் பாத்துதான் ஆகணும்."

அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் குரலைக் கேட்டதும் நின்றுவிட்டது. இன்னும் என்ன கெட்ட சேதி என்றார். கெட்டது இல்லை, வரும்போது பிள்ளையைத் தண்ணீர் குடிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். நல்ல சேதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் நிச்சயம் இல்லையே.

வந்தார்கள். பிள்ளை என் மேசைப் பக்கம் திரும்பவில்லை. நாளைக்குத் தூங்கவைப்பதாகச் சொன்னதை இன்றைக்கே செய்யப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது போல, அம்மாவின் உடையைப் பிடித்துக்கொண்டே நின்றது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து, "தப்பு எங்க மேல கண்ணு. உன் கால் எட்டாத நாற்காலியில உன்னை உக்கார வெச்சுட்டோம். இன்னொரு வாட்டி எங்களுக்காகப் போறியா?" என்று கேட்டாள். பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பெரியவர்கள் தன்னிடம் தப்பு என்று சொல்வது அதற்குப் புதுசு போலிருக்கிறது. பிறகு சரி என்று தலையை ஆட்டியது.

பெட்டியின்மேல் ஒரு துண்டை விரித்து, நாற்காலிக்கு முன்னால் போட்டு, ஓட்டையைச் சிறிதாக்கும் வளையம் ஒன்றையும் வார்டிலிருந்து வாங்கிவந்து வைத்திருந்தாள். பிள்ளையை உட்காரவைத்துவிட்டுத் திரையில் கை வைத்தவள் நின்றுவிட்டாள். அவளுடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. எட்டிப் பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பார்த்தால் கொடுத்த வாக்கு என்னாவது? அவள் பிள்ளையிடமே கேட்டாள்.

"நான் திரையை மூடிட்டா, உன் கால் பெட்டியில இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளை சட்டென்று சொன்னது. "நான் தட்டுறேன். கேட்டா, இருக்குன்னு அர்த்தம்."

திரை மூடியது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையில் ஒரு பேப்பர் உருளையை வைத்துக்கொண்டு வேலை இருப்பது போல நின்றேன்.

டக் டக் என்று கேட்டது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலில் ஊசி குத்திய தழும்புகள் என் உள்ளங்கையில் உறைத்தன. அப்புறம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்கும் நிற்கும் என்று நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தேன். அது நிற்கவில்லை. தாள் ஒரே சீராக உருண்டு வந்தது. கோடு ஏறியது, உருண்டது, இறங்கியது. ஒரு பல்கூட இல்லை. அக்கா ஜெல்லைத் தடவி ஸ்கேன் பார்த்தாள். பார்த்ததையே திரும்பவும் பார்த்தாள். மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா கோடு விழுந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் எப்படிப் போகிறாள் என்று அம்மாவிடம் கேட்டார். அப்போதுதான் அது வெளியே வந்தது. போன வருஷம் வேறு வீட்டுக்கு மாறினார்களாம். அங்கே உயரமான டாய்லெட். இவளுக்குக் கால் எட்டாது, விழுந்துவிடுவோமோ என்று பயந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாளாம். காய்ச்சல் தொடங்கியதே அந்த வீட்டுக்குப் போன பிறகுதான். போதாததற்குப் பள்ளியில் தாழ்ப்பாள் இல்லாத கதவு, அதனால் அங்கே போகவே மாட்டாளாம். எங்கள் புது நாற்காலியில் செய்ததைத்தான் பிள்ளை தினமும் வீட்டிலும் செய்துகொண்டிருந்தது. நாளைக்குக் கேமரா வேண்டாம் என்றார் டாக்டரம்மா. காலுக்கு ஒரு பலகை போடுங்கள், வேளாவேளைக்குப் போகச்சொல்லுங்கள், அடக்க விடாதீர்கள், பள்ளியில் நான் எழுதித் தருகிறேன், கொஞ்ச மாதம் பார்ப்போம் என்றார்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கோபமும் சேர்ந்து வந்தது. வெளியே வந்து அக்காவைப் பார்த்து, "ஒரு பலகைக்காகவா நான் இத்தனை நாளா சோறு தண்ணி இறங்காமக் கிடந்தேன்?" என்று கேட்டார். கேட்டவரே அவள் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அக்காவின் தோள் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் குனிந்துதான் சாய வேண்டியிருந்தது. நான் தரையில் கிடந்த பொம்மைகளைப் பொறுக்கினேன்.

அதற்குப் பிறகு சீப்புக் கோடு வந்த மற்றப் பிள்ளைகளையும் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. போன் செய்வது என் வேலை. ஆனால் அக்கா என்னைச் செய்யவிடவில்லை. தானே ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, இன்னொரு முறை வாருங்கள் என்றாள். சிலர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். திட்டட்டும், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் போதும் என்றாள். ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் பலகை போட்ட பிறகும் சீப்பு மாறவில்லை. அதற்கு வேறு வைத்தியம் நடக்கிறது, தேறி வருகிறது. மற்றவை எல்லாம் குன்று. ஒவ்வொரு குன்று வரும்போதும் அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டுவாள். எனக்கும் அன்றைக்கு யார்மீதும் எரிந்து விழத் தோன்றாது.

சில மாதம் கழித்துத் தையல்காரியும் மகளும் பரிசோதனைக்கு வந்தார்கள். காய்ச்சல் வந்து எத்தனை நாளாயிற்று என்பதே மறந்துபோயிற்று என்றார் அம்மா. பிள்ளைக்கு முன்பல் முளைத்துவிட்டது, பேச்சு இன்னும் கூடிவிட்டது. என் மேசைக்கு வந்து, மெஷின் இன்னும் எழுதப் படிக்க மட்டும்தான் கற்றிருக்கிறதா, கணக்குப் போடாதா என்று கேட்டாள். அம்மா ஒரு பையிலிருந்து தடித்த துணி உறை ஒன்றை எடுத்தார். பொம்மைப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மேலே சிவப்புத் துணியில் இரண்டு பாதம் வெட்டி வைத்துத் தைத்திருந்தார். மகளை ஒரு தாளில் நிற்கவைத்து, அவள் காலைச் சுற்றி வரைந்து எடுத்த அளவாம்.

அக்கா அதைப் பெட்டிக்குப் போட்டாள். பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்கப் போனவளை, வேண்டாம், எனக்கே தெரியும் என்று பிள்ளை தடுத்துவிட்டது. அக்கா திரையை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அம்மா என் மேசை அருகே, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பழைய பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

"மூச்சா அக்கா, தட்டட்டுமா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"தட்டு கண்ணு."

டக் டக்.

அம்மா கைப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் அவ்வளவு நேரமும் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.